மூன்று இயக்ககங்களும் ஒரு நோயாளியும்



பிரிந்து நிற்கும் சுகாதாரத் துறைகள் கைகோத்து வேலை செய்வதால் விளையும் நன்மை, தீமைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'ஒத்துழைப்பு' என்றால் எந்த அவையிலும் கைதட்டல் கிடைக்கும். ஒத்துழைப்பே கூடாது என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை, எந்த அமைச்சரும் சொல்லப் போவதில்லை. எல்லோரும் ஆமோதிக்கும் விஷயம் என்பதாலேயே அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யார் யாரோடு, எந்த இடத்தில், எந்த வேலைக்காக, யாருடைய நேரத்தைச் செலவழித்து ஒத்துழைப்பது என்று கேட்டால்தான் பேச்சு உருப்படும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் சுகாதாரத் துறை பிரிந்து கிடப்பதால் நாம் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. அந்தப் பிரிவினை நமக்குப் பெரும்பாலும் லாபமாகவே இருந்திருக்கிறது. நஷ்டம் வருவது ஓர் அலுவலகத்திடமிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நோயாளியோ தகவலோ கைமாறும் இடத்தில். ஒத்துழைப்பை அந்த இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். மற்ற இடங்களில் துறைகளை அவரவர் வேலையைப் பார்க்க விட்டுவிட வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அமைப்பை ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. நம் மாநிலத்தில் அரசு மருத்துவம் முக்கியமாக மூன்று இயக்ககங்களின் கையில் இருக்கிறது. துணை சுகாதார நிலையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், அவற்றில் வேலை செய்யும் கிராம சுகாதார செவிலியர்களும், கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையைச் சேர்ந்தவை. தாலுகா மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அவற்றுக்குத் தலைவர் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தவை. அங்கே கல்லூரி முதல்வர் வைத்ததுதான் சட்டம். மூன்றுக்கும் தனித்தனி பட்ஜெட், தனித்தனி பணி மூப்புப் பட்டியல், தனித்தனி இடமாறுதல் கலந்தாய்வு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். அதுவரை இணை இயக்குநரின் பொறுப்பில் இருந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் கல்லூரி முதல்வரின் பொறுப்புக்கு மாறின. கட்டடமும் கட்டிலும் அப்படியேதான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு மேலிருந்த இயக்ககம் மாறிவிட்டது. அந்த மாவட்டங்களில் வேறொரு ஊர் மருத்துவமனையைத் தலைமை மருத்துவமனையாகத் தரம் உயர்த்த வேண்டியிருந்தது.

இதில் நோயாளி எங்கே வருகிறார்? எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராம சுகாதார செவிலியர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து அட்டையில் எழுதுகிறார். அது பொது சுகாதாரத் துறை. இரவு கால் வீங்கித் தலைவலி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். அதுவும் அதே துறை. அங்கிருந்து 108 ஆம்புலன்சில் தாலுகா மருத்துவமனையின் சீமாங் மையத்துக்கு, அதாவது அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையத்துக்குப் போகிறார். ஆம்புலன்சை ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம், சீமாங் மையம் ஊரக நலப்பணிகள் இயக்ககத்துடையது. வலிப்பு வந்துவிட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அது மூன்றாவது இயக்ககம். குழந்தை பிறந்து, பத்து நாளில் வீடு திரும்பினால், பிரசவத்துக்குப் பின் 42 நாட்கள் வரை அவரைக் கவனிக்க வேண்டியவர் மறுபடியும் அந்தக் கிராம சுகாதார செவிலியர்தான். ஒரே பெண், ஒரே நோய். ஆனால் புறப்பட்டு வீடு திரும்புவதற்குள் அவர் நான்கு எல்லைகளைத் தாண்டுகிறார். போகும்போது பரிந்துரைச் சீட்டு கூடவே போகிறது. திரும்பி வரும்போது சீட்டு வருகிறதா? பல நேரம் டிஸ்சார்ஜ் அட்டை குடும்பத்தார் கைப்பையில் இருக்கிறதே தவிர, செவிலியரின் பதிவேட்டுக்கு வந்து சேருவதில்லை. நான் பேச வந்த விஷயம் முழுக்க இந்த அட்டையின் பயணத்துக்குள் இருக்கிறது.

இதைக் கேட்டதும் இயல்பாக எழும் யோசனை: மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? இது புதிய யோசனை இல்லை. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, நோய் தடுப்பையும் நோய் தீர்ப்பையும் நிர்வாகத்தின் எல்லா மட்டங்களிலும் இணைக்க வேண்டும் என்று சொன்னது. அந்தக் குழுவில் சென்னை மருத்துவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். 1967-இல் ஜங்கல்வாலா குழு ஒருபடி மேலே போய் ஒரே பணிப்பிரிவு, ஒரே மூப்புப் பட்டியல், சம வேலைக்குச் சம ஊதியம் என்று வரையறுத்தது. பெரும்பாலான மாநிலங்கள் இந்த வழியைப் பின்பற்றி, பொது சுகாதாரத்தை மருத்துவத்தோடு சேர்த்துவிட்டன. தமிழ்நாடு சேர்க்கவில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இங்கே ஏற்கெனவே இருந்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. சாக்கடையிலிருந்து கொள்ளைநோய் வரைக்கும் யாருக்கு என்ன அதிகாரம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தை நடத்துவதற்கு ஒரு தனி இயக்ககமும், பொது சுகாதாரத்தில் தனியே பட்டயம் படித்த அலுவலர்களும் இருந்தார்கள். அவர்களைக் கலைக்க நம்மவர்களுக்கு மனம் வரவில்லை. அது கொள்கைத் தெளிவா, பழக்கத்தை விட முடியாத தயக்கமா என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். விளைவு நன்றாகவே இருந்தது.

ஏன் நன்றாக இருந்தது என்பதை உலக வங்கி ஆய்வாளர் மோனிகா தாஸ் குப்தாவும் இந்த நிர்வாகத்தை அறிந்த அதிகாரிகள் சிலரும் சேர்ந்து எழுதி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. பொது சுகாதாரமும் மருத்துவமும் இணைந்த இடங்களில் தடுப்புப் பணி மருத்துவமனையின் நிழலில் வாடிப்போனது. காரணம் எளிது. சிகிச்சைக்கு முன்னால் நோயாளி நிற்கிறார், அவருடைய உறவினர் நிற்கிறார், சில சமயம் நிருபரும் நிற்கிறார். வராமல் தடுக்கப்பட்ட காலராவுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. பணமும் ஆளும் ஒரே பெட்டியில் இருந்தால், அவசரமானது எப்போதும் முக்கியமானதைத் தின்றுவிடும். தனி பட்ஜெட்டும் தனிப் பணிப்பிரிவும் இருந்தால் அந்தப் பணத்தை ஸ்கேன் கருவி வாங்கத் திருப்ப முடியாது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது கடலோர முகாம்களில் பல்லாயிரம் பேர் அடைந்து கிடந்தும் பெரிய தொற்றுநோய் எதுவும் வெடிக்கவில்லை. குளோரின் கலந்த தண்ணீரும் கழிப்பறையும் தடுப்பூசியும் அன்றாட வேலையாக இருந்த ஒரு துறை அங்கே இருந்தது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2017-இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை, எல்லா மாநிலங்களும் பொது சுகாதாரத்துக்குத் தனிப் பணிப்பிரிவு அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இணைக்கச் சொன்ன நாடு இப்போது பிரிக்கச் சொல்கிறது. ஆகவே இணைப்பு என்ற மருந்தை நாம் கொஞ்சம் எட்டவே வைத்துப் பார்ப்போம்.

சரி, பிரிவு நல்லது என்றால் பேச்சை இங்கேயே முடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடிக்க முடியாது. பிரிவுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாம் கொரோனா காலத்தில் கொடுத்தோம். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு, அதுவரை கணக்கில் வராத 444 மரணங்களை கொரோனா இறப்புப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்த மரணங்கள் அவை. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையும் மாநில அரசின் தினசரி அறிக்கையில் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று செய்தி வந்த பிறகு, ஒரு குழு அமைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரியவந்த உண்மை இது. உடனே மறைத்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. மறைப்பு என்றே வைத்துக்கொண்டாலும், மறைப்பதற்கு வசதியான இடம் எப்படி வந்தது என்று பார்ப்பது அதிகம் பயன் தரும். மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் தகவல் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, மருத்துவமனையிலிருந்து பொது சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கைக்கு. இன்னொன்று, உள்ளாட்சியின் பிறப்பு-இறப்புப் பதிவாளரிடம். இரண்டு வழிகளும் வழியில் எங்கும் சந்திப்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் பிறப்பு-இறப்புத் தலைமைப் பதிவாளராக இருப்பவரே பொது சுகாதார இயக்குநர்தான். இரண்டு பதிவேடுகளுக்கும் உச்சியில் ஒரே நாற்காலி. அப்படியிருந்தும் அடியில் இருக்கும் காகிதங்கள் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த நிகழ்ச்சியை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது, அது மகப்பேறு மரணத் தணிக்கை. ஒரு தாய் இறந்தால், அவர் எந்த மருத்துவமனையில் இறந்தார், அது எந்த இயக்ககத்தைச் சேர்ந்தது, தனியாரா அரசா, வழியில் ஆம்புலன்சிலேயே இறந்தாரா என்பதையெல்லாம் பொருட்படுத்தாமல் அந்த மரணம் பதிவாக வேண்டும். அவர் வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் விசாரிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் எல்லாத் துறையினரும் அமர்ந்து பேச வேண்டும் என்பது இங்கே நடைமுறையாகியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள் சிறியவை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து புறப்பட்டது எத்தனை மணிக்கு? சீமாங் மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்தார்களா? ரத்தம் இருந்ததா? மயக்க மருந்து மருத்துவர் அன்று பணியில் இருந்தாரா? இந்தக் கேள்விகளுக்குத் தனித்தனி இயக்ககத்தின் ஆய்வுக் கூட்டத்தில் பதில் கிடைக்காது. அங்கே ஒவ்வொருவரும் தன் பகுதி ஒழுங்காக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அனுப்பியவர் சரியாக அனுப்பினார், பெற்றவர் சரியாகப் பெற்றார், இடையில் போன இரண்டு மணி நேரம் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை மேசைமேல் கொண்டுவந்து வைத்ததே தணிக்கையின் சாதனை. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 2001-03-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய்மார் இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது; அதே ஆண்டுகளில் நாட்டின் சராசரி 97. இந்தச் சரிவு முழுவதும் தணிக்கையால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைப்பேறு குறைந்தது, பெண்கள் படித்தார்கள், சாலைகள் வந்தன, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன, 2008-இல் 108 வந்தது. ஆனால் இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மாதாமாதம் சோதித்துப் பார்த்த கருவி தணிக்கைதான்.

இதன் தீமையையும் சொல்லாவிட்டால் நான் பாதிதான் பேசியவனாவேன். ஆட்சியர் முன்னால் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் மருத்துவரை இரண்டு விதமாகத் திருப்பும். சிலரை அது கவனமாக்கும். சிலரை 'நம் இடத்தில் எதுவும் நடந்துவிடக் கூடாது' என்ற கணக்குக்குத் தள்ளும். அப்போது, தாலுகா மருத்துவமனையிலேயே பார்த்திருக்கக்கூடிய பிரசவம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறது. அனுப்புகிறவர் பாதுகாப்பாகிவிடுகிறார். அந்தப் பெண்ணோ அறுபது கிலோமீட்டர் பயணம் செய்கிறார். கல்லூரி மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஒரு கட்டிலில் இருவர் படுக்க நேர்கிறது. ஒத்துழைப்புக்கு என்று போட்ட பாலமே பொறுப்பைத் தள்ளிவிடும் சறுக்குமரமாக மாறுவது இப்படித்தான். தணிக்கை யார் குற்றவாளி என்று தேடத் தொடங்கினால் காகிதங்கள் அழகாகிவிடும், உண்மை போய்விடும். ஆகவே அதைத் தண்டனை நடவடிக்கையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று இந்தத் துறையில் அனுபவப்பட்டவர்கள் வற்புறுத்துகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

கூட்டமே போடாமல் ஒத்துழைக்கவும் முடியும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மருந்து வாங்குவது சிதறிக் கிடந்தது. கழகம் வந்த பிறகு ஒரே மருந்துப் பட்டியல், ஒரே டெண்டர், மாவட்டங்களில் கிடங்கு என்று ஆனது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவது போல ஒரு பாஸ்புக். அதில் அந்த மருத்துவமனைக்கு ஒதுக்கிய தொகை எழுதியிருக்கும். கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க, அதன் மதிப்பு கழிந்துகொண்டே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பாஸ்புக்கும் கல்லூரி மருத்துவமனையின் பாஸ்புக்கும் ஒரே கிடங்கில்தான் நீட்டப்படுகின்றன. மூன்று இயக்குநர்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தால்கூட மூன்று இடத்திலும் ஒரே மாத்திரை கிடைக்கும். இதைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் தங்களுக்கும் ஒரு கழகம் அமைத்துக்கொண்டன. ஒத்துழைப்பு என்பது மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' அது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் துணையோடு நடக்கிறது. காசநோய்க்கு மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே பலர் இறந்துவிடுகிறார்கள். அவர்களில் கணிசமானோர் நோய் கண்டுபிடிக்கும்போதே எலும்பும் தோலுமாக இருப்பவர்கள். அவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. படுக்கையில் சேர்த்து, உணவும் ஆக்சிஜனும் கொடுத்துத் தேற்ற வேண்டும். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது ஆரம்ப சுகாதார நிலையம். மாவட்டக் காசநோய் அலுவலர் ஊரக நலப்பணிகளைச் சேர்ந்தவர். கட்டில் இருப்பது தாலுகா மருத்துவமனையிலோ கல்லூரி மருத்துவமனையிலோ. இந்தத் திட்டம் செய்தது மிகச் சின்ன வேலை. நோய் உறுதியான அன்றே செவிலியர் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. ரத்தப் பரிசோதனை வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, நிற்க முடியாவிட்டாலோ அவரை உள்நோயாளியாகச் சேர்க்கத் தகுந்த மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவருக்கென்று கட்டில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். மூன்று இயக்ககங்களும் கையெழுத்திட்ட பெரிய ஒப்பந்தம் எதையும்விட இந்த ஐந்து கேள்விகள் அதிகம் சாதிக்கும். ஏனென்றால், எப்போது கைமாற்ற வேண்டும் என்ற முடிவை ஒரு செவிலியர் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எடுக்க முடிகிறது.

இப்போது, ஒத்துழைப்பால் பெரிய பலனில்லை என்று வாதிடும் எதிர்ப்பக்கத்தின் வலுவான சான்றுகளைப் பார்ப்போம். இங்கிலாந்தில் மருத்துவம் தேசிய சுகாதாரச் சேவையின் கையில் இருக்கிறது. முதியோர் பராமரிப்பு உள்ளாட்சிகளின் கையில். இரண்டும் சேராததால் முதியவர்கள் மருத்துவமனைக் கட்டிலிலேயே தேங்கிவிடுகிறார்கள் என்பதற்காக, 2015-16 முதல் இரு தரப்பும் கூட்டாகச் செலவிட ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். அவசர அனுமதிகள் 1,06,000 குறையும் என்பது திட்டம். முதல் ஆண்டு முடிவில் அவை 87,000 அதிகரித்திருந்தன. அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-இல் இதை எழுதி, எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்று முடிவு சொன்னது. இரு தரப்பும் நெருங்கி வேலை செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்ற ஆறுதலும் அந்த அறிக்கையில் உண்டு; ஆனால் அவசர சிகிச்சை வாசலில் கூட்டம் குறையவில்லை. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் ஆரம்ப சுகாதாரச் சேவைகளை இணைத்ததன் பலனைத் தொகுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. இருக்கும் சேவையோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தால் மக்கள் அதைப் பயன்படுத்துவது கூடலாம். ஆனால் முழு இணைப்பால் மக்களின் ஆரோக்கியம் மேம்பட்டது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. என் வாதத்துக்கு இது பாதகமா? அப்படி நான் நினைக்கவில்லை. இங்கிலாந்து ஒன்றாக்கியது பணப்பெட்டியை. எந்த நோயாளியை எந்த நாளில் யார் ஏற்றுக்கொள்வது என்ற கேள்வி பெட்டியை ஒன்றாக்குவதால் தீர்ந்துவிடாது.

நெருங்கி வருவதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய்தான் அதிகம் கொல்கிறது. ஆகவே இந்த இரண்டு திட்டங்களும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தியாவில் இந்தக் கூட்டு முயற்சி 2001-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது 2004-இல். காசநோய்க்கென்று பிறந்த தாம்பரம் சானடோரியம் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் பெரிய மையமாக மாறியது நம் கண்முன் நடந்த வரலாறு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் துகேலா ஃபெர்ரி என்ற கிராமப்புற ஊரின் மருத்துவமனையில் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் முக்கிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய் 53 பேருக்கு வந்து, அவர்களில் 52 பேர் இறந்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட அத்தனை பேருக்கும் தொற்று இருந்தது. பலருக்கு இந்தக் காசநோய் வேறெங்கும் வரவில்லை, மருத்துவமனையில்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைக்கும் என்பது விளம்பரத்துக்கு நல்ல வாக்கியம். அந்தக் கூரையின் கீழ் ஜன்னல் திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. பதிவேடுகளைச் சேர்க்கலாம், மருந்து அட்டவணையைச் சேர்க்கலாம். வரிசையில் உட்காரும் நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பதிவேடு என்றதும் இன்னோர் ஆட்சேபம் வரும், அது நியாயமானது. எல்லாத் துறைக்கும் எல்லாத் தகவலும் தெரிந்தால் நோயாளியின் அந்தரங்கம் என்னாவது? 2017-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது. பகிர்வதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் அவை குறுகியவை. ஊரில் எல்லோரையும் அறிந்த ஒரு செவிலியரின் பதிவேட்டில் இப்படிப்பட்ட தகவல் வந்து சேர்வதை எந்த நோயாளி விரும்புவார்? ஆகவே 'அனைத்தும் ஒரே தளத்தில்' என்ற ஆசையை நான் ஆதரிக்கவில்லை. அடுத்து கவனிக்கப் போகிறவருக்கு அடுத்த வேலைக்குத் தேவையான தகவல் போதும். ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மாத்திரை, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பது செவிலியருக்குத் தெரிந்தால் அவர் வேலை நடக்கும்.

சுகாதாரத் துறைக்கு வெளியே போனால் சிக்கல் இன்னும் கூடும். வெறிநாய்க்கடியைப் பாருங்கள். கடிபட்டவருக்கு ஊசி போடுவது சுகாதாரத் துறை. நாய்க்குக் கருத்தடை செய்ய வேண்டியது உள்ளாட்சி. நாய்க்குத் தடுப்பூசி போடத் தெரிந்தவர் கால்நடை மருத்துவர். 2030-க்குள் இதை ஒழிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகமும் கால்நடை அமைச்சகமும் 2021-இல் கூட்டாக ஒரு செயல்திட்டம் வெளியிட்டன. நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் தெருவில் தடுப்பூசி போடாத நாய் திரிந்தால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று கேட்டால், குடிமகனுக்கு இன்றும் ஒரே பதில் கிடைப்பதில்லை. பொதுப் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுவதே ஒத்துழைப்பின் மிகப் பழைய நோய்.

மூவருக்கும் ஒரே மேலதிகாரி இல்லாவிட்டால் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று நிர்வாகம் தெரிந்த நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் ஒரே மேலதிகாரி ஏற்கெனவே இருக்கிறார். மூன்று இயக்ககங்களும் ஒரே மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலரின் கீழ்தான் உள்ளன. சிக்கல் மேலே இல்லை, மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மாவட்ட சுகாதார அலுவலர், இணை இயக்குநர், கல்லூரி முதல்வர் மூவரும் ஒருவருக்கொருவர் உத்தரவிட முடியாதவர்கள். மூவரையும் ஒரு மேசைக்கு அழைக்கக்கூடியவர் ஆட்சியர் மட்டுமே. அவர் மேசையிலோ பட்டா முதல் தேர்தல் வரை இன்னும் நூறு கோப்புகள் இருக்கின்றன. இந்தச் சூழலில் நான்காவதாக ஓர் ஒருங்கிணைப்பு அதிகாரியை நியமித்தால், அவருக்கு ஒரு வாகனமும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் கிடைக்கும். செவிலியருக்கு இன்னொரு எக்செல் படிவம் வந்து சேரும். கூட்டங்களின் செலவை நாம் எழுதிப் பார்ப்பதே இல்லை. வட்டார மருத்துவ அலுவலர் ஒருவர் மாதத்தில் எத்தனை முற்பகலை ஆய்வுக் கூட்டத்தில் கழிக்கிறாரோ, அத்தனை முற்பகல் அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் ஒருவர் குறைவு. ஒத்துழைப்புக்கு ஆகும் விலையை நோயாளி கொடுக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே அரசிடம் நான் வைக்கும் கோரிக்கை சிறியது. இயக்ககங்களை இணைக்க வேண்டாம், புதிய பதவி வேண்டாம், புதிய செயலியும் வேண்டாம். தாலுகா மருத்துவமனையிலிருந்தோ கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ வீடு திரும்பும் ஒவ்வொரு பிரசவத் தாயின், ஒவ்வொரு காசநோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பு, அவர் ஒப்புதலோடு, 48 மணி நேரத்துக்குள் அவருடைய கிராம சுகாதார செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். அதை அனுப்பும் கடமை வார்டில் எந்தப் பதவியில் உள்ளவருடையது, பெற்றதாகக் கையெழுத்திடும் கடமை யாருடையது என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். இன்று இந்த அவையில் மூன்று இயக்ககங்களைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வார்டிலிருந்து நாளை வீட்டுக்குப் போகிறவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுடைய செவிலியர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.